கால்நடை வைத்தியமும் கொல்லாமை விரதமும்

செஞ்சிக் கோட்டையைக் காண வருகிறவர்கள் ராஜகிரியின் உச்சியிலேயே கண்ணைப் பதித்துவிடுவதால், ஊருக்கு வடக்கே சிங்கவரம் பக்கமாகத் தனித்து நிற்கும் திருநாதர்குன்றில் ஏறிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அந்தக் குன்றின் ஒரே பாறை முகத்தில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும், வரிசைக்குப் பன்னிருவராக, இரண்டு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அங்கேயே, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் அன்னத்தைத் துறந்து நோற்று உயிர்நீத்ததை அறிவிக்கும் கல்வெட்டு ஒன்று, தமிழ் எழுத்தின் வரலாற்றை ஆராய்கிறவர்கள் பெரிதும் போற்றுவது, வெட்டப்பட்டிருக்கிறது. எவ்வுயிர்க்கும் இன்னல் செய்யாமல் வாழ்ந்து, கடைசியில் தம் உடலையும் அதன் வேட்கைகளையும் சிறுகச் சிறுக மெலியவிட்டுப் போன ஒரு துறவியின் நினைவு, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பாறையில் இருந்துவருகிறது. அதே செஞ்சியில் வெள்ளிக்கிழமைதோறும் விடியுமுன்னே ஆட்டுச் சந்தை கூடுகிறது. தீபாவளியும் பக்ரீதும் நெருங்கும் வாரங்களில் வெளியூர் வியாபாரிகள் வண்டி வண்டியாக ஆடுகளை ஏற்றிப் போகிறார்கள். குன்றுக்கும் சந்தைக்கும் இடையே நடந்து போகிற தூரந்தான்.

இந்த இரண்டிற்கும் நடுவே நிற்க வேண்டிய தொழில் ஒன்று உண்டு. அது கால்நடை வைத்தியம். அதைப் பற்றி நான் எண்ணத் தொடங்கியது சமய நூல்களைப் படித்து அல்ல. செஞ்சியை அடுத்த அனந்தபுரத்தில் என்னிடம் தமிழ் படித்த பெண் ஒருத்தி, மணிலாவும் கரும்பும் பயிரிட்டு இரண்டு கறவை மாடு வைத்திருக்கிற ஒரு குடும்பத்தில் பிறந்தவள், இப்பொழுது கால்நடை மருத்துவப் படிப்பின் கடைசிப் பகுதியில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தபோது அவள் கேட்டாள்: "ஐயா, நீங்க எங்களுக்குக் கொல்லாமை அதிகாரம் நடத்துனீங்க. நான் இப்ப கொல்றதையும் சேர்த்துத்தான் படிக்கிறேன். அது எந்தக் கணக்குல சேரும்?" நோக்கம் நல்லதானால் செயலும் நல்லதே என்று, ஆசிரியர்கள் கைவசம் எப்பொழுதும் வைத்திருக்கும் சமாதானத்தை நானும் எடுத்து நீட்டினேன். "நோக்கம் கெட்டதுன்னு யாருங்கய்யா சொல்லிக்கிறாங்க?" என்று அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு உரிய மறுமொழியைத் தேடுவதே இந்தக் கட்டுரை.

அவள் அந்தப் படிப்பை அடைந்த வழியையும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் தர்ம விசாரம் என்பது ஆகாயத்தில் நிகழ்வதன்று. பத்தாம் வகுப்பு முடித்த மாணவரை உயிரியல் உள்ள பிரிவில் சேர்ப்பதா, கணக்குப் பதிவியலுக்கு அனுப்புவதா என்று வீட்டார் தீர்மானிக்கும் அந்த ஒரு வாரத்திலேயே இந்தத் தொழிலின் வாயில் திறக்கிறது அல்லது மூடிவிடுகிறது என்பதைக் கிராமத்துப் பெற்றோர் பலர் அறியமாட்டார்கள். தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு, ஆங்கில வைத்தியப் படிப்பைப் போல நீட் தேர்வு இல்லை. பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் ஆகிய பாடங்களில் பெற்ற மதிப்பெண்ணை இருநூற்றுக்குக் கணக்கிட்டு இடம் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் என்ற முன்னுரிமை 2021-இல் இயற்றிய சட்டத்தால் இந்தப் படிப்புக்கும் வந்தது. அவள் அந்த வழியில் போனவள். "பொம்பளப் புள்ள மாட்டாஸ்பத்திரியில என்னா பண்ணும்?" என்று கேட்ட உறவினர்களுக்கு, சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து சக்குபாய் ராமச்சந்திரன் என்ற பெண்மணி 1952-லேயே பட்டம் பெற்று வெளிவந்தார் என்ற செய்தி தெரியாது; தெரிந்திருந்தாலும் கேட்பதை நிறுத்தியிருக்கமாட்டார்கள்.

வேப்பேரியில் 1903-இல் இருபது மாணவர்களோடு தொடங்கிய கல்லூரி அது. இன்று அந்தப் பட்டத்திற்கு, பயிற்சிக் காலம் உட்பட, ஐந்தரை ஆண்டு ஆகிறது. மனித வைத்தியம் கற்பவன் ஒரே உடலைக் கற்கிறான். இவளோ மாடு, குதிரை, ஆடு, பன்றி, நாய், கோழி என்று வயிறும் குருதியும் வெவ்வேறான பல உடல்களைக் கற்க வேண்டும், அவற்றுள் ஒன்றாவது தனக்கு எங்கே வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லப்போவதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு. முதலாண்டில் மருந்து நீரில் ஊறிய எருமையின் சவத்தை அறுப்பதில் தொடங்கும் கல்வி, கன்றை ஈனச் செய்தல், காயடித்தல், அறுவை, ஆட்டுத்தொட்டியில் இறைச்சியைச் சோதித்தல், தொற்று நோய் பரவும் காலத்தில் பண்ணைக் கோழிகளைக் கூட்டமாக அழித்தல் என்று விரிந்துகொண்டே போகிறது. கொல்லாமையை வாழ்க்கை நெறியாகக் கொண்ட ஒருவர் இந்தப் பட்டியலைப் பார்த்தால் காதைப் பொத்திக்கொள்வார்.

ஆனால் அப்படிப் பொத்திக்கொள்ள வேண்டியதில்லை என்று சொல்வதற்குச் சமண சாஸ்திரத்திலேயே இடம் இருக்கிறது. மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமைப் பீடமாகக் கொண்டு செஞ்சி, திண்டிவனம், வந்தவாசிப் பகுதிகளில் வாழும் தமிழ்ச் சமணர்களில் பலர் தலைமுறை தலைமுறையாக உழுது பயிரிட்டவர்கள். ஏரின் கொழு மண்ணைப் புரட்டும்போதெல்லாம் புழு மடியும் என்பதை அறியாதவர்கள் அல்லர். ஆகவே அவர்களுடைய ஆசாரியர்கள் ஹிம்சையை நால்வகையாகப் பிரித்தார்கள்: கொல்ல வேண்டும் என்றே கருதிக் கொல்லும் சங்கல்பி, சமையல் முதலிய இல்லறக் காரியங்களில் நேரும் ஆரம்பி, பிழைப்புத் தொழிலில் நேரும் உத்யோகி, தற்காப்பில் நேரும் விரோதி. துறவி நான்கையும் விட வேண்டும். இல்லறத்தான் முதலாவதை முற்றும் விட்டு, மற்றவற்றைக் கூடியவரை குறைக்க வேண்டும். இதைவிட ஆழமான ஒரு குறிப்பு உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில் இருக்கிறது. பிராணனைப் பிரிப்பது என்பதோடு அவர் ஹிம்சையின் இலக்கணத்தை முடித்துவிடவில்லை. பிரமாதத்தால், அதாவது மோகத்தாலோ கவனமின்மையாலோ, பிராணனைப் பிரிப்பதே ஹிம்சை என்று வரையறுக்கிறார். விழித்திருந்து, பார்த்துப் பார்த்து அடி வைக்கிறவன் காலடியில் ஒரு பூச்சி மடிந்தாலும் அவன் ஹிம்சகன் ஆவதில்லை; ஒரு பூச்சியும் மடியாதபோதும் கண்ணை மூடி நடப்பவன் ஹிம்சகனே என்பது அந்த மரபின் உரை.

இந்த இலக்கணத்தை மாட்டுக்கொட்டகைக்குள் கொண்டுபோய்ப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். நிறையக் கறக்கும் கலப்பினப் பசு கன்று ஈன்ற ஓரிரு நாளில் திடீரென்று எழ முடியாமல் படுத்துவிடும், கழுத்தை வளைத்துத் தலையை விலாவின்மேல் சாய்த்துக்கொள்ளும், காது சில்லிட்டிருக்கும். சீம்பாலுக்கென்று குருதியிலுள்ள சுண்ணாம்புச் சத்து பெருமளவு மடிக்கு இறங்கிப்போனதால் வரும் நோய் இது. பால் காய்ச்சல் என்பார்கள். மருந்து கால்சியம் கரைசல். கழுத்து நாளத்தில் ஏற்ற வேண்டும். மருந்துப் புட்டியை உடற்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, ஒரு கையால் உயரத்தைக் கூட்டியும் குறைத்தும், மறு கையால் குழலை மாட்டின் நெஞ்சில் வைத்து இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டும், துடிப்பு தடுமாறினால் அக்கணமே நிறுத்தியும், மெல்ல மெல்ல அது உள்ளே போக வேண்டும். அவ்விதம் போனால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பசுவின் தசைகள் நடுங்கும், ஏப்பம் விடும், சாணம் போடும், பெரும்பாலும் சில மணி நேரத்திற்குள் தானே எழுந்து நின்று கன்றை நக்கும். அதே மருந்தை, அதே அளவில், அவசரமாக ஏற்றினால் இதயம் நின்று அங்கேயே சாகும். மருந்து ஒன்று, நோக்கமும் ஒன்று, ஊசியும் ஒன்று. வேறுபாடு கவனத்தில் மட்டுமே. உமாஸ்வாதி பசுவுக்கு ஊசி போட்டவர் அல்லர். ஆனாலும் அவருடைய சூத்திரத்திற்கு இதைவிடத் தெளிவான உரை எனக்குக் கிட்டவில்லை.

காயடித்தலும் அவ்வாறே. ஏர் மாடு வேண்டும் என்பதற்காகக் காளைக் கன்றைக் கட்டிப்போட்டுக் கட்டைகளுக்கு இடையே வைத்து நசுக்கிய பழைய வழக்கத்தைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஓலத்தைக் கேட்டவன் சோற்றில் கைவைக்கமாட்டான். உடலின் அமைப்பை அறிந்தவள், தோல் கிழியாமல் உள்ளே போகும் நரம்புக் கொடியை மட்டும் இடுக்கியால் நசுக்கி, மரத்துப்போகும் மருந்தையும் முன்னதாகக் கொடுத்து, அந்தத் துன்பத்தைப் பெரும்பங்கு குறைத்துவிடுகிறாள். கன்றுக்குச் செய்வது அநீதியா, அல்லவா என்ற கேள்வி அப்படியே நிற்கட்டும். செய்தே தீர்வது என்று உலகம் முடிவுகட்டிவிட்ட ஒரு காரியத்தில், கல்வி வந்து நுழைந்த இடத்தில் ஹிம்சை சுருங்குகிறது. கல்வி இல்லாத இடத்தில் கருணை நிறைந்த கையும் கொடிய கையாகிவிடுகிறது. ஆகையால் அந்தப் பெண் விடுதி அறையில் இரவெல்லாம் கண்விழித்துப் படித்த படிப்பை, பிழைப்புக்கான படிப்பு என்று மட்டும் நான் கருதவில்லை. பிரமாதம் ஹிம்சை என்றால், கற்பது அஹிம்சையின் ஓர் அங்கம்.

இவ்வளவோடு நின்றுவிட்டால் விஷயம் எளிதாக முடிந்துவிடும். ஆனால் அவள் கேட்டது, கவனமாக, தெரிந்தே, மருந்தை அளந்து கொல்வதைப் பற்றி அல்லவா? அங்கே பிரமாதம் இல்லை, சங்கல்பம் இருக்கிறது. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் கன்று ஒன்று முடமாகிப் பெரும் வேதனையில் கிடந்தது. பிழைக்காது என்று தெரிந்தபோது, காந்தியடிகள் யோசித்து, ஆசிரமத்தாரிடமும் கலந்து, வைத்தியர் ஒருவரை வரவழைத்து விஷ ஊசி போடச் செய்தார். அதைத் தம் பத்திரிகையில் தாமே எழுதி வெளியிட்டபோது, சமணர்களும் வைஷ்ணவர்களும் நிறைந்த ஆமதாபாத்திலிருந்து சீற்றம் பொங்கும் கடிதங்கள் வந்து குவிந்தன. சஸ்திர வைத்தியன் கத்தி வைப்பது ஹிம்சையாகாததுபோல, வேறு வழியில்லாத வேதனையை முடித்துவைப்பதும் ஹிம்சையாகாது என்பது அவருடைய வாதம். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆயினும் அந்த வாதம் முற்றிலும் எனக்கு உடன்பாடன்று. கத்தி வைக்கும் வைத்தியன் நோயாளிக்கு நாளைய தினத்தைத் தருகிறான். விஷ ஊசி அதைத் தருவதில்லை. மேலும், வாயில்லாப் பிராணியின் பெயரால் பேசுவது பெரும்பாலும் அதன் உடையவனின் சௌகரியமே. காலொடிந்த கிழட்டு மாட்டைக் காட்டி, "ஊசியப் போட்டு முடிச்சி வுட்டுடும்மா" என்று சொல்கிறவனுக்குத் தாங்கவில்லை என்பது உண்மை. தாங்காதது மாட்டின் வலியா, தீவனச் செலவா என்பதைப் பிரித்தறிய வேண்டியவள் வைத்தியர். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் மீளாத வேதனையிலுள்ள பிராணியை அழிக்க அனுமதிக்கிறது. அந்தப் பிரித்தறிதலை எந்தச் சட்டமும் அவளுக்காகச் செய்து தராது.

எதிர்க்கோடியும் இருக்கிறது. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே திகம்பர சமணர் கோயிலில் பறவைகளுக்கென்று தர்ம ஆஸ்பத்திரி ஒன்று நெடுங்காலமாக நடக்கிறது; ஊன் உண்ணும் பருந்து முதலியவற்றை வெளிநோயாளியாக வைத்து வைத்தியம் செய்வார்களே ஒழிய உள்ளே படுக்கை கொடுப்பதில்லை. பருந்துக்குப் பசிக்குமே என்பதற்கு அந்தக் கட்டடத்திற்குள் விடை கிடையாது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தம் கை அழுக்காகாமல் கருணை செய்ய முயல்கிறவர் எல்லோரும் ஏதோ ஒரு மாடிப்படியில் நின்றுவிட நேர்கிறது.

வெக்கை நோயின் சரித்திரம் இதைவிடக் கடினமானது. கூட்டங்கூட்டமாக மாடுகளைக் கொன்ற அந்தக் கொள்ளை நோய்க்கு அஞ்சியே, 1761-இல் உலகின் முதல் கால்நடை வைத்தியப் பள்ளிக்குப் பிரான்சு தேசத்து லியோன் நகரில் அனுமதி பிறந்தது. நம் நாட்டில், இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்து ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் 1920-களில், அந்த நோய்க் கிருமியை ஆடுகளின் உடலில் தொடர்ந்து செலுத்தி மாட்டுக்கு வீரியம் குறைந்ததாக ஆக்கினார். அதன்பின் பல ஆண்டுகள் தடுப்பூசி மருந்து என்பது, கொன்ற ஆட்டின் மண்ணீரலை அரைத்து எடுத்ததே. மாடுகள் பிழைக்க ஆடுகள் மாண்டன. யாருடைய அனுமதியின் பேரில் என்று ஆட்டைக் கேட்டவர் இல்லை. பிறகு கென்யாவில் பிளௌரைட் என்ற அறிஞர், கண்ணாடிக் குப்பியில் வளர்த்த உயிரணுக்களிலேயே தடுப்பு மருந்தை உண்டாக்கியபோது ஆட்டின் தேவை அற்றுப்போயிற்று. இந்தியாவில் அந்த நோய் கடைசியாகத் தோன்றியது 1995-இல். உலகமே அதிலிருந்து விடுபட்டது என்று அறிவித்தது 2011-இல். மனிதருக்கு வந்த பெரியம்மைக்கு அடுத்தபடியாகப் பூமியிலிருந்து அறவே ஒழிந்த நோய் அதுதான். அந்த ஆடுகளைக் கொன்றது தர்மமா? இத்தனை கோடி மாடுகள் என்று எண்ணிக்கை காட்டி ஆம் என்பது சுலபம். அந்த எண்ணிக்கை சரியே. ஆனால் ஆட்டின் உயிர் ஆட்டுக்கு ஒன்றுதான்.

எங்கள் தென்னாற்காட்டு மண்ணிலேயே பிறந்த வள்ளலார், ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் உயிர்களுக்கு வரும் துன்பங்களை வகுக்கும்போது, பசியையும் கொலையையும் நீக்குவதை மேலான காருண்யம் என்றும், பிணி முதலியவற்றை நீக்குவதை அதற்கு அடுத்தபடி என்றும் வைத்தார். அந்த வரிசைப்படி பார்த்தால், வைத்தியர் செய்வது இரண்டாம் படிக் காருண்யம். அதற்காகச் சிற்சில சமயம் முதற்படியை மீறுகிறார் என்று ஆகும். இந்த ஆக்ஷேபத்தை மழுப்பாமல் ஏற்றுக்கொள்வதே நேர்மை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏற்றுக்கொண்டு என்ன செய்வது? இங்கே எனக்குத் துணையாக வருவது பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் திருமூலர் சரித்திரம். வடக்கிலிருந்து வந்த சிவயோகி ஒருவர், காவிரிக் கரையில் சாத்தனூருக்கு அருகே, மூலன் என்னும் இடையன் இறந்து கிடப்பதையும், அவன் மேய்த்த பசுக்கள் அவன் உடலைச் சுற்றிச் சுற்றி வந்து முகர்ந்து கதறுவதையும் காண்கிறார். பிறப்பு இறப்பின் தத்துவத்தைப் பசுக்களுக்கு உபதேசிக்க அவர் நிற்கவில்லை. விலகி நின்று அனுதாபப்பட்டுப் போகவும் இல்லை. தம் உடலை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, இடையனின் உடலுக்குள் புகுந்து எழுகிறார். பசுக்கள் மகிழ்ந்து மேய்கின்றன. மாலையில் அவற்றை வீட்டுக்கு ஓட்டிச் செல்கிறார். திரும்பி வந்து தேடினால் வைத்த இடத்தில் அவருடைய உடல் இல்லை. இறைவன் திருவருள் என்று புராணம் சொல்கிறது. நான் அதையே வேறு விதமாகவும் வாசிக்கிறேன். மாடுகளின் துயரத்துக்குள் இறங்கியவர் பழைய தூய உடலோடு கரையேறவில்லை. ஒரு மாட்டுக்காரனின் உடம்பையே தம்முடையதாகச் சுமந்தபடி எஞ்சிய காலம் முழுவதும் இருந்தார்.

ஆகவே என் மாணவிக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. அம்மா, நீ கொல்ல நேரும் இடத்தில் அது கொலைதான்; அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளாதே. பாவமே இல்லை என்ற சமாதானம் நெஞ்சில் நன்றாகப் படிந்துவிட்டால், அடுத்த முறை மருந்தை எடுப்பதற்கு முன் யோசிக்கும் நேரம் சற்றுக் குறையும். அதற்கு அடுத்த முறை இன்னும் குறையும். அந்தக் குறைவுக்குத்தான் சாஸ்திரம் பிரமாதம் என்று பெயர் வைத்திருக்கிறது. கடன் இருக்கிறது என்ற நினைவு உன் கையை மெதுவாக்கும். கணக்கு எதில் சேரும் என்று கேட்டாயே, அந்தக் கேள்வியை விடாமல் வைத்திரு.

ஆனால் அந்தக் கணக்கு முழுவதையும் இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தியின் பெயரில் எழுதிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. அதே சமண சாஸ்திரம், தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என்ற மூன்றையும் ஒரே தரத்தில் வைக்கிறது: கிருதம், காரிதம், அனுமோதனம். பால் வேண்டும், காளைக் கன்று வேண்டாம் என்று அதன் வாயை உலரவிட்டுச் சாகடிக்கிற வீட்டில் காலையில் காப்பி குடிக்கிற ஒவ்வொருவரும் அனுமோதித்தவர்களே. நூறு ரூபாய் மிச்சம் என்று, படிக்காமல் ஊசி போட்டுத் திரிகிறவனைக் கூப்பிட்டுப் பசுவின் கழுத்தில் கால்சியத்தை அவசரமாக ஏற்றச் செய்கிறவன், தான் கையால் தொடாவிட்டாலும் காரிதத்திற்கு உரியவன். ஊசி போட்டால் பால் குறையும் என்று முகாமுக்கு மாட்டை ஓட்டி வராமல், கோமாரி வந்து ஊரே புலம்பும்போது வைத்தியரை வைகிறவனைப் பற்றி நான் தனியே சொல்ல வேண்டியதில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னமே அசோகச் சக்கரவர்த்தி, தம் நாட்டிலும் சோழ பாண்டிய நாடுகளிலும் மனிதருக்கும் பிராணிகளுக்கும் தனித்தனியே வைத்தியம் ஏற்படுத்தி, மூலிகைகள் இல்லாத இடத்தில் கொண்டுவந்து நடச் செய்ததாகக் கல்லில் வெட்டிவைத்தார். கொல்வதை நிறுத்தியதோடு தம் கடமை தீர்ந்தது என்று அந்த அரசர் இருந்துவிடவில்லை.

செஞ்சி, அனந்தபுரம், விக்கிரவாண்டிப் பக்கத்தில் இதைப் படிக்கும் குடியானவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு மாதத்திலிருந்து எட்டு மாதத்திற்குள் கிடேரிக் கன்று வீட்டில் இருந்தால், கருச்சிதைவு நோய்க்கான தடுப்பூசியை அந்த வயதுக்குள் ஒரு முறை போட்டாக வேண்டும்; கோமாரிக்கு ஆறு மாதத்திற்கு ஒரு முறை எல்லா மாடுகளுக்கும். இரண்டும் அரசுக் கால்நடை மருந்தகத்தில் இலவசம். மாடு படுத்துவிட்டால், அதற்கு என்ன செய்வது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டிராமல் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், காசு பிடிக்கமாட்டார்கள்.